கார் தயாரிப்பில் லேசர் வெல்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடி ஷாப்பிலோ (ஷீட்டுகளைச் சேர்த்துக் கார் பாடி செய்யும் பகுதி) உதிரிபாகத் தொழிற்சாலையிலோ புதிதாகச் சேரும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளும், லேசர் மிஷின் வாங்கலாமா என்று யோசிக்கும் சிறுதொழில் முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் ஒரு விஷயம் அடிக்கடி தலைகாட்டும்: லேசரை வாங்குவது சுலபம், அதன் முன்னால் ஷீட்டைச் சரியாகப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம்.

லேசர் வெல்டிங் என்றால் சுருக்கமாக என்ன?

ஒளியின் சூட்டால் உலோகத்தை உருக்கி இணைப்பது. ஆர்க் வெல்டிங்கில் மின்பொறி உருக்குகிறது. ஸ்பாட் வெல்டிங்கில் இரண்டு ஷீட்டுகளின் ஊடே பாயும் மின்சாரம் உருக்குகிறது. லேசரில் பொருளை எதுவுமே தொடுவதில்லை. லைனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெட்டியில் உண்டாகும் ஒளி, மெல்லிய கண்ணாடி இழை வழியாக ரோபோவின் கைக்கு வந்து, லென்ஸில் குவிந்து, ஷீட்டின் மேல் ஒரு சின்னப் புள்ளியாக விழுகிறது. கார் பாடி வேலையில் அந்தப் புள்ளியின் விட்டம் பெரும்பாலும் 0.2 முதல் 0.6 மி.மீ. வரைக்கும் இருக்கும். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கீஹோல், கீஹோல் என்கிறார்களே, அது என்ன?

லேசரின் அடர்த்தி குறைவாக இருந்தால் உலோகத்தின் மேற்பரப்பு மட்டும் உருகும். சூடு அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கும். வெல்டு அகலமாகவும் ஆழமில்லாமலும் அமையும். மெல்லிய மூடிகள், சென்சார் உறைகள் போன்றவற்றுக்கு அது போதும்.

எஃகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வாட் என்ற அளவைத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. உருகிய உலோகம் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி மேலே பீறிடும் விசை உருகிய குட்டையை அழுத்தி, நடுவில் ஒரு மெல்லிய குழியைத் திறக்கிறது. ஒளி அந்தக் குழிக்குள் புகுந்து சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மோதுகிற இடத்திலெல்லாம் உறிஞ்சப்படுகிறது. திறந்த மேற்பரப்பில் விழும் இன்றைய லேசர் ஒளியில் எஃகு வாங்கிக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கீஹோல் திறந்த பிறகு பெரும்பங்கும் உள்ளேயே தங்கிவிடும். ரோபோ நகர நகரக் குழியும் நகரும். பின்னால் உருகிய உலோகம் மூடிக்கொண்டு உறையும். குறுகலான, ஆழமான வெல்டு கிடைப்பது இப்படித்தான்.

4 கிலோவாட் லேசரை 0.6 மி.மீ. புள்ளியில் குவித்தாலே அந்த 10 லட்சம் எல்லை தாண்டிவிடுகிறது. பவரைவிட அதை எவ்வளவு சின்ன இடத்தில் கொட்டுகிறோம் என்பதே முக்கியம்.

கார் தொழிலுக்கு இது எப்போது வந்தது?

லேசர் பிறந்தது 1960 மே மாதம், கலிபோர்னியாவில், தியோடர் மைமன் கையில். அது ரூபி எனும் மாணிக்கக் கல்லில் உண்டாக்கிய துடிப்பு ஒளி. தொடர்ந்து அதிக பவர் தரும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ல் அமெரிக்காவின் பெல் (Bell) ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். உலகமெங்கும் ஷீட் வெட்டவும் வெல்டு செய்யவும் பல பத்தாண்டுகள் உழைத்த அந்த மிஷின்களுக்கு மூலவர் நம் நாட்டில் படித்த ஒருவர் என்பது நம் வகுப்பறைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை.

கார் பாடியைப் பொறுத்தவரை பலரும் குறிப்பிடும் தொடக்கம் 1985. ஆடி 100 காரின் தரைப்பகுதிக்கு வேண்டிய அகலத்தில் ஜிங்க் பூசிய ஷீட் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் தைசன் எஃகு நிறுவனம் இரண்டு ஷீட்டுகளை லேசரால் பக்கவாட்டில் ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தது. அகலம் போதாத குறையைத் தீர்க்க வந்த வழி அது. அப்புறம்தான் இதையே வேறு விதமாகவும் பயன்படுத்தலாம் என்று தெரிந்தது: தடிமன் வேறு, வலிமை வேறு கொண்ட ஷீட்டுகளை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு ஒரே அடியாக பிரஸ்ஸில் அழுத்துவது. டெய்லர்டு பிளாங்க் என்பது இதுதான். கதவின் உட்பலகையில் கீல் மாட்டும் பக்கம் மட்டும் தடித்த ஷீட், மற்ற இடத்தில் மெல்லியது. தனியாக வலுவூட்டும் பட்டை, அதற்கொரு டை (அச்சு), அதற்குப் பத்து ஸ்பாட் என்ற செலவெல்லாம் போய்விடும்.

ஜெர்மன் நிறுவனங்கள் இதை ரொம்ப தூரம் கொண்டுபோயின. 1999ல் வந்த அலுமினியக் காரான ஆடி ஏ2வில் சுமார் 30 மீட்டர் லேசர் வெல்டு. 2003ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் வெல்டும் பிரேசிங்கும் (ஷீட்டை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவது) சேர்த்து சுமார் 70 மீட்டர்.

ஸ்பாட் வெல்டிங் நன்றாகத்தானே போகிறது? லேசர் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு கார் பாடியில் 4,000, 5,000 ஸ்பாட்டுகள் இன்றைக்கும் சாதாரணம். ஸ்பாட் மலிவு, முரட்டுத்தனமானது, கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் துப்பாக்கியின் இரண்டு முனைகளும் அழுத்திச் சேர்த்துவிடும். லேசர் வந்து ஸ்பாட்டை ஒழித்துவிடும் என்று 20 வருடத்துக்கு முன்னால் பேசியவர்கள் இப்போது பேசுவதில்லை.

லேசருக்கு இடம் கிடைப்பது வேறு காரணங்களால். ஸ்பாட் துப்பாக்கி இரண்டு பக்கமும் நுழைய வேண்டும், லேசருக்கு ஒரு பக்கம் போதும். ஸ்பாட்டின் முனை உட்கார அகலமான விளிம்பு வேண்டும், லேசருக்கு அந்த விளிம்பைக் குறுக்கலாம். விளிம்பு குறுகினால் எடை குறையும், கதவுச் சட்டத்தில் பார்வைக்கும் ஏறுவதற்கும் இடம் கூடும். ஸ்பாட் என்பது விட்டுவிட்டு வைக்கும் புள்ளி, லேசர் தொடர்ந்த கோடு. அதனால் பாடி முறுக்குவிசையைக் கூடுதலாகத் தாங்கும். வேகத்தைப் பார்த்தால், பாடி ஷீட்டில் நிமிடத்துக்கு 3 முதல் 6 மீட்டர் என்பது வழக்கமான ஓட்டம்.

ஸ்கேனர் வைத்த ரிமோட் லேசர் இன்னும் வேகம். ஷீட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றபடி, சின்னக் கண்ணாடிகளைத் திருப்பி ஒளியை அடுத்த இடத்துக்குத் தாவச் செய்யும். ரோபோ நகர்ந்துகொண்டே இருக்கும், வெல்டும் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்பாட்டிலிருந்து அடுத்ததற்குத் துப்பாக்கியைத் தூக்கி நகர்த்தும் நேரம் இதில் இல்லை. சீட் சட்டங்கள், கதவுகள் இப்படிச் செய்வதற்குத் தோதானவை.

பாடி தவிர வேறு எங்கெல்லாம் வருகிறது?

கியர்பாக்ஸில் கியரையும் சிங்க்ரோ வளையத்தையும் சேர்ப்பதில், எரிபொருள் இன்ஜெக்டரில், ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில், பிரஷர் சென்சாரில். சில வண்டிகளில் டிஃபரென்ஷியலில் பெரிய கிரவுன் கியரை போல்ட் போட்டு மாட்டுவதற்குப் பதில் லேசரால் வெல்டு செய்கிறார்கள். கியர் உட்காரும் டிஃபரென்ஷியல் உறை வார்ப்பிரும்பு, அதில் கார்பன் 3 சதவீதத்துக்கும் மேல், சும்மா வெல்டு செய்தால் விரிசல் விடும். அதனால் நிக்கல் கலந்த கம்பியை ஊட்டிச் செய்வார்கள். பின்பக்க விளக்குகளில் பிளாஸ்டிக்கையே லேசரால் ஒட்டுகிறார்கள்: மேலே உள்ள பிளாஸ்டிக் ஒளியை விட்டுவிடும், கீழே உள்ளது உறிஞ்சிச் சூடாகும், இரண்டும் சேரும் இடத்தில் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

இடைவெளி விஷயத்தில் லேசர் ஏன் இவ்வளவு கறார்?

மேலே சொன்ன 0.2 முதல் 0.6 மி.மீ. புள்ளிதான் காரணம். மிக் என்ற ஆர்க் வெல்டிங்கில் கம்பி உருகி இடைவெளியை நிரப்பும், கை தேர்ந்த வெல்டர் 1 மி.மீ. இடைவெளியைச் சமாளித்துவிடுவார். கம்பி ஊட்டாத லேசரில் நிரப்ப எதுவும் இல்லை. இரண்டு ஷீட்டுகளை முனையோடு முனை வைத்து வெல்டு செய்தால், மெல்லிய ஷீட்டின் தடிமனில் 10 சதவீதம்வரைதான் இடைவெளி இருக்கலாம் என்பது பொது விதி. 1 மி.மீ. ஷீட் என்றால் 0.1 மி.மீ. அதற்கு மேல் போனால் ஒளி நடுவில் நழுவி மறுபக்கம் போய்விடும், அல்லது வெல்டு குழிந்துபோகும்.

இங்கேதான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. லேசர் வாங்க ஒதுக்கும் பணத்தில் பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக்குக்கும் கிளாம்புக்கும் மிச்சம் மீதியை ஒதுக்குவார்கள். பிரஸ் ஷாப்பிலிருந்து வரும் பாகத்தில் ஸ்பிரிங்பேக் (அழுத்திய ஷீட் சற்றே பழைய வடிவுக்குத் திரும்புவது) ஒரு நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும், கத்தரித்த விளிம்பில் பிசிறு இருக்கும். ஸ்பாட் லைனில் யாரும் கண்டுகொள்ளாத குறைகள் லேசர் லைனில் வெல்டு குறைகளாக வந்து நிற்கும். ஆப்பரேட்டர் பவரைக் கூட்டிப் பார்ப்பார், வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். பலன் இருக்காது. லேசர் லைன் போடப்போகிறீர்கள் என்றால் முதல் கூட்டத்துக்கே பிரஸ் ஷாப் ஆளைக் கூப்பிடுங்கள் என்பதுதான் என் பிடிவாதமான கருத்து.

சமாளிக்கும் வழிகளும் இருக்கின்றன. ஒளியை நேர்க்கோட்டில் ஓட்டாமல் சின்னச் சுழலாக ஆட்டிக்கொண்டே போனால் வெல்டு அகலப்படும். வாபிள் என்பது இது. இணைப்பை முன்னால் சென்று கேமராவோ சென்சாரோ பார்த்து ஒளியைத் திருப்பும் சீம் டிராக்கிங் இருக்கிறது. ரோபோ தலையிலேயே ஒரு சக்கரமோ விரலோ வைத்து ஷீட்டை அழுத்திக்கொண்டு போவதும் உண்டு. எல்லாம் உதவும். ஆனால் கோணலான பாகத்தை நேராக்கும் வேலையை எந்த லேசரும் செய்யாது.

அப்படியென்றால் ஷீட்டை இறுக்கமாக அழுத்தி வைத்துவிட்டால் போதுமா?

போதாது. வேடிக்கை என்னவென்றால், ஜிங்க் பூசிய ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெல்டு செய்யும்போது இறுக்கம்தான் எதிரி.

இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். ஜிங்க் கொதித்து ஆவியாவது 907 டிகிரியில். கீழ் ஷீட் உருகும் முன்பே இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ஜிங்க் ஆவியாகிவிடும். போக வழி இல்லாவிட்டால் அது உருகிய குட்டையைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர்த் துளி விழுந்தால் என்ன ஆகுமோ அதேதான்: உருகிய எஃகு நாலாபக்கமும் தெறிக்கும், வெல்டில் ஓட்டை விழும்.

அதனால் வேண்டுமென்றே 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி விடுவார்கள். அதை விடுவது எப்படி? ஷீட்டில் பிரஸ்ஸிலேயே சின்ன மேடுகளைப் போடலாம். அல்லது வெல்டுக்கு முன்னால் அதே லேசரை வேகமாக ஓட்டி, உருகிய உலோகத்தைச் சற்றே எழும்ப வைத்துக் குட்டி மேடுகளை உண்டாக்கலாம். டிம்ப்ளிங் என்று பெயர். மேடு 0.15 மி.மீ. வரவேண்டிய இடத்தில் 0.3 வந்தால் முந்தைய கேள்வியில் சொன்ன தொல்லை திரும்ப வந்துவிடும். ஆக, இடைவெளி இருக்கவும் கூடாது, இல்லாமலும் கூடாது. லேசர் லைனில் வேலை பார்ப்பவர்கள் ஜிக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

சில கார்களின் கூரையில் கருப்பு ரப்பர் பட்டை இல்லையே, அதற்கும் லேசருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கூரையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் ஸ்பாட் போட்டால் ஒரு பள்ளம் விட வேண்டும். அந்தப் பள்ளத்தை மறைக்கத்தான் முன்னிருந்து பின்வரை ஓடும் கருப்புப் பட்டை. பட்டை இல்லாமல் கூரை வழவழப்பாகப் பக்கத்தோடு சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் லேசர் பிரேசிங்.

பிரேசிங்கில் ஷீட் உருகுவதில்லை. சுமார் 3 சதவீதம் சிலிக்கான் கலந்த செம்புக் கம்பி லேசர் சூட்டில் உருகி இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் ஓடி நிரம்புகிறது. அந்தக் கம்பி உருக 1,000 டிகிரியை ஒட்டிய சூடு போதும். அதனால் ஜிங்க் பூச்சு குறுகலான ஒரு பட்டையில் மட்டுமே கெடுகிறது, துருவுக்கு எதிரான காப்பு மிஞ்சுகிறது. மேற்பரப்பும் வழவழப்பாக வரும், லேசாகத் துடைத்துவிட்டு பெயின்டுக்கு அனுப்பலாம். டிக்கிக் கதவின் நடுவில் நம்பர் பிளேட் பகுதியைச் சேர்ப்பதும் பல கார்களில் இப்படித்தான்.

உருகிய ஜிங்க்கில் முக்கிப் பூச்சு ஏற்றிய ஷீட்டில் ஓரங்கள் பிசிறடிக்கும் தொல்லை இருந்தது. அதற்கு ஒளியை மூன்றாகப் பிரித்தார்கள்: முன்னால் போகும் இரண்டு சின்னப் புள்ளிகள் ஓரத்து ஜிங்க்கை முதலில் அகற்றும், பின்னால் வரும் பெரிய புள்ளி கம்பியை உருக்கும். பார்க்க எளிமையான யோசனை, வேலை செய்கிறது.

பிரேசிங் கோடு வாடிக்கையாளரின் கண்ணில் நேராகப் படும் இடம். ஒரு ஊசித்துளை இருந்தாலும் பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். வலிமைக்காக ஒதுக்குவதைவிட அழகுக்காக ஒதுக்குவதே இங்கே அதிகம்.

எந்த வகை லேசர் பயன்படுத்துகிறார்கள்?

இன்று பெரும்பாலும் ஃபைபர் லேசர் அல்லது டிஸ்க் லேசர். இரண்டும் சுமார் 1 மைக்ரான் அலைநீள ஒளியைத் தருவன, இரண்டையும் கண்ணாடி இழையில் அனுப்பலாம். முன்பு கோலோச்சிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். அதை அந்த இழையில் அனுப்ப முடியாது, கண்ணாடிகளை வரிசையாக வைத்துத்தான் திருப்ப வேண்டும். ரோபோவுக்கு அது ஒத்துவரவில்லை. மின்சாரத்திலும் வித்தியாசம் பெரிது. கார்பன் டை ஆக்சைடு லேசர் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 10 சதவீதம்தான் ஒளியாகும், விளக்கால் தூண்டப்படும் பழைய யாக் லேசரில் 3 சதவீதம் தேறினால் அதிகம். ஃபைபரில் 30 சதவீதத்தைத் தாண்டும். மிச்சமெல்லாம் சூடு. அதை வெளியேற்ற சில்லர் வேண்டும், சில்லருக்கும் கரன்ட் பில் உண்டு.

இப்போது பேசப்படுவது, நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வளையமுமாக ஒளியைத் தரும் லேசர்கள். வளையம் கீஹோலின் வாயை அகலமாகத் திறந்து வைப்பதால் தெறிப்பு கணிசமாகக் குறைகிறது.

அலுமினியத்தை இதில் வெல்டு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எஃகு மாதிரி சாதுவாக இருக்காது. ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், சூட்டை வேகமாகக் கடத்திவிடும். மேலே இருக்கும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரியில். ஈரமோ எண்ணெயோ இருந்தால் ஹைட்ரஜன் புகுந்து வெல்டு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள். பாடிப் பலகைகளுக்குப் பயன்படும் 6000 வகை அலுமினியக் கலவை உறையும்போது விரிசல் விடும் குணம் கொண்டது, அதனால் சிலிக்கான் கலந்த கம்பி ஊட்டாமல் செய்வது ஆபத்து. வெல்டுக்கு முன் துடைப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்த்து நல்ல வெல்டு எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

அதிவலிமை எஃகில் ஏதாவது பிரச்சினை வருமா?

இரண்டு வரும். ஒன்று, வெல்டை ஒட்டிய பகுதி சூட்டில் பதம் இறங்கி மென்மையாகிவிடுவது. லேசர் குறுகலாகச் சூடேற்றுவதால் மிக் வெல்டிங்கைவிட இது குறைவு, ஆனால் இல்லாமல் போகாது.

இன்னொன்று, சூடாக்கி அழுத்திக் கெட்டிப்படுத்தும் போரான் எஃகில் வருவது. இந்த ஷீட்டின் மேல் அலுமினியம்–சிலிக்கான் பூச்சு இருக்கும். பிளாங்கை ஒட்டும்போது பூச்சும் உருகி வெல்டுக்குள் கலந்துவிட்டால், பிறகு எவ்வளவு சூடேற்றிக் குளிர்வித்தாலும் அந்த இடம் முழுதாகக் கெட்டிப்படாது. மோதலில் அங்கேதான் கிழியும். எனவே வெல்டுக்கு முன்பு, ஓரத்துப் பூச்சை மட்டும் இன்னொரு துடிப்பு லேசரால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். இந்த வழி கைகூடியதால்தான் கதவைச் சுற்றிய சட்டம் முழுவதையும் ஒரே பாகமாக அழுத்தும் டோர் ரிங் வந்தது. 2014 மாடல் அக்யூரா எம்டிஎக்ஸ் இதில் முன்னோடி.

மின்சார வண்டிகள் வந்ததும் லேசரின் வேலை கூடியதா, குறைந்ததா?

ரொம்பவே கூடியது. சொல்லப்போனால், லேசர் வெல்டிங்கில் இன்றைக்குச் சுவாரசியமான சிக்கல்களெல்லாம் பாடி ஷாப்பைவிட்டு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடம்பெயர்ந்துவிட்டன.

முதல் வில்லன் செம்பு. 1 மைக்ரான் ஒளியில் ஏறக்குறைய 95 சதவீதத்தை அது திருப்பி அனுப்பிவிடும். ஆரம்பத்தில் ஒன்றும் ஆகாது, உருகத் தொடங்கியதும் திடீரென்று உறிஞ்சுவது கூடி, பொத்தென்று ஓட்டை போட்டுவிடும். 515 நானோமீட்டர் பச்சை ஒளியையும் 450 நானோமீட்டர் நீல ஒளியையும் செம்பு பல மடங்கு அதிகமாக வாங்கிக்கொள்கிறது. அந்த நிற லேசர்கள் சந்தைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் வளையம் கொண்ட அதிக பவர் ஃபைபர் லேசரை வைத்து, வேகமாக ஆட்டிக்கொண்டே செம்பைச் சமாளிக்கும் தொழிற்சாலைகளும் நிறைய.

மோட்டாரில், ஸ்டேட்டருக்குள் (சுழலாமல் நிற்கும் பகுதி) சொருகிய பட்டைச் செம்புக் கம்பிகளின் முனைகளை ஜோடி ஜோடியாக வெல்டு செய்ய வேண்டும். ஹேர்பின் என்பார்கள். ஒரு ஸ்டேட்டரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள். கேமரா ஒவ்வொன்றின் இடத்தையும் பார்த்துச் சொல்ல, லேசர் முனையை உருக்கி உருண்டையாக்கிச் சேர்க்கும். ஒரே ஒரு ஜோடி கோணலாக இருந்தாலும், எனாமல் சரியாக உரிக்கப்படாமல் கருகினாலும் முழு ஸ்டேட்டரும் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான்.

பேட்டரியில் வேறு விதமான பயம். செவ்வக செல்லின் அலுமினிய மூடியைச் சுற்றி வெல்டு செய்யும்போது துளிகூடக் கசியக் கூடாது. பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) செல் முனையோடு சேர்க்கும்போது ஆழம் குறைந்தால் இணைப்பு சூடாகும், அதிகமானால் செல்லைத் துளைத்துவிடும். தெறித்த ஒரு துகள் உள்ளே போனால் பின்னாளில் ஷார்ட் ஆகும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்க வேண்டிய இடங்களில் இரண்டும் கலந்து நொறுங்கும் தன்மையுள்ள சேர்மம் உண்டாகும், அதனால் இரண்டும் கலப்பதையே முடிந்தவரை குறைக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஷீல்டிங் கேஸ் எப்போதும் வேண்டுமா?

எப்போதும் இல்லை. பூசிய எஃகு ஷீட்டை ரிமோட் லேசரால் செய்யும்போது பெரும்பாலும் கேஸ் இல்லாமலே ஓடுகிறது, புகையை விலக்கக் காற்று மட்டும் அடிப்பார்கள். கியர், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் என்றால் ஆர்கான். கார்பன் டை ஆக்சைடு லேசர் காலத்தில் ஆர்கான் பிளாஸ்மாவாகி ஒளியை மறித்ததால் விலை உயர்ந்த ஹீலியம் தேவைப்பட்டது, இப்போது அந்தக் கட்டாயம் இல்லை.

வெல்டு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே பார்த்து முடிவு செய்ய முடியாது. மேலே அழகான கோடு, உள்ளே இணைப்பையே தொடாமல் அரை மி.மீ. தள்ளிப் போயிருக்கும். லேசர் வெல்டில் மோசமான குறை இதுதான், ஏனென்றால் இது கண்ணை ஏமாற்றும்.

நம்பகமான வழி வெட்டிப் பார்ப்பது. குறுக்கே அறுத்து, மெருகேற்றி, ஆசிட்டில் தேய்த்து, ஆழத்தையும் இணைப்பில் உள்ள அகலத்தையும் அளப்பது. எஃகுக்கான ஏற்பு அளவுகள் ஐஎஸ்ஓ 13919 முதல் பகுதியிலும், அலுமினியத்துக்கானவை இரண்டாம் பகுதியிலும் உள்ளன. வாடிக்கையாளர் நிறுவனத்துக்கென்று தனி ஸ்டாண்டர்டு இருந்தால் அதுதான் மேல். லைனிலேயே பார்க்க, வெல்டிலிருந்து வரும் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார்கள் உண்டு, கீஹோலின் ஆழத்தையே ஓடும்போது அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. சென்சார் வைத்துவிட்டோம், இனி அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கவர் கிளாஸில் தெறிப்பு ஒட்டினால் பவர் குறையும், ஃபோகஸ் நகரும். நேற்றுவரை நன்றாக இருந்த வெல்டு இன்றைக்கு ஆழம் இல்லை என்றால், புரோகிராமைத் தொடுவதற்கு முன் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

கண்ணுக்கு ஆபத்தா? கையில் பிடித்துச் செய்யும் லேசர் வெல்டிங் மிஷின்கள் விற்கிறார்களே?

ஆபத்துதான், ஆர்க் வெல்டிங்கின் ஆபத்தைப் போல் அல்ல. ஆர்க் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து எச்சரிக்கும், இரவில் கண் எரியும், சில நாளில் ஆறும். 1 மைக்ரான் லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாது. கண்ணின் லென்ஸ் அதை நேராக விழித்திரையில் குவித்துவிடும். அங்கே பட்ட காயம் ஆறாது. நேராகப் பட வேண்டியதில்லை, பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பினாலே போதும்.

0.5 வாட்டைத் தாண்டும் லேசர் எல்லாம் நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகை. 1.5 கிலோவாட் கைப்பிடி மிஷின் அந்த எல்லையைப்போல் 3,000 மடங்கு. தொழிற்சாலையில் ரோபோ லேசரைச் சுற்றி ஒளி புகாத கேபின் கட்டி, கதவைத் திறந்தால் லேசர் அணையும்படி வைக்கிறார்கள். அதே நான்காம் வகுப்பு லேசரை ஷட்டர் திறந்த பட்டறையில், தெருவில் ஆள் நடமாடும்போது, சாதாரண வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு இயக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை. சாதாரண பாலிகார்பனேட் கண்ணாடி 1 மைக்ரான் ஒளியைத் தடுக்காது. மிஷினின் அலைநீளம் குறிப்பிட்டுச் சான்று பெற்ற கண்ணாடி வேண்டும், வேலை செய்பவருக்கு மட்டுமில்லை, அறைக்குள் இருக்கும் அனைவருக்கும். மறைப்பு வேண்டும். ஜிங்க் புகைக்குக் காய்ச்சல் வரும், அதனால் புகை உறிஞ்சியும் வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மிஷின் மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

சிறு சப்ளையர் ஒருவர் இதில் இறங்கலாமா?

ஒரே பாகம், பெரிய எண்ணிக்கை, வருடக்கணக்கில் ஆர்டர் என்றால் யோசிக்கலாம். வாரத்துக்கு ஒரு பாகம் மாறும் ஜாப் வொர்க் என்றால், ஒவ்வொன்றுக்கும் துல்லியமான ஜிக் செய்தே கை கடித்துவிடும். அங்கே மிக், டிக் என்ற ஆர்க் வெல்டிங் முறைகள்தான் சோறு போடும். வாங்குவதற்கு முன் உங்கள் பாகத்தையே எடுத்துப்போய், உங்கள் பிரஸ்ஸில் வந்த சுமாரான பாகத்தையும் சேர்த்து எடுத்துப்போய், சோதனை வெல்டு போட்டு அறுத்துப் பாருங்கள். விற்பவர் காட்டும் டெமோ ஷீட் எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் 1975ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெல்டிங் பயிற்சிக்குப் பேர்போனது. லேசரை மட்டும் ஆழமாகப் பார்க்க விரும்பும் பொறியாளர்கள் ஹைதராபாத் ஏஆர்சிஐ ஆராய்ச்சி நிறுவனத்தின் லேசர் மையத்தையும், இந்தூரின் ராஜா ராமண்ணா ஆராய்ச்சி மையத்தையும் கவனிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு என் யோசனை: ரோபோ புரோகிராமிங்கும், வெல்டை அறுத்து அளக்கும் ஆய்வக வேலையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது.

லேசரால் செய்த கார் விபத்தில் அடிபட்டால் நம்மூர் ஷெட்டில் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் அதே லேசரால் அல்ல. பழுதுபார்க்கும் இடங்களில் லேசர் இருப்பதில்லை என்று தெரிந்தே தயாரிப்பாளர்கள் ரிப்பேர் மேனுவலில் மாற்று வழி சொல்லியிருப்பார்கள்: இன்ன இடத்தில் ஸ்பாட், இன்ன இடத்தில் துளையிட்டு நிரப்பும் பிளக் வெல்டு, இன்ன இடத்தில் மிக் பிரேசிங், இன்ன இடத்தில் பசையும் ரிவெட்டும். பிரேசிங் செய்த கூரையை மாற்றுவதானால் பழைய செம்புக் கோட்டை முழுக்க அரைத்து எடுக்க வேண்டும். அதன் மேலேயே எஃகுக் கம்பியால் வெல்டு போட்டால் செம்பு எஃகின் துகள் எல்லைகளுக்குள் ஊடுருவி விரிசல் விடும்.

போரான் எஃகில் செய்த நடுத்தூண், டோர் ரிங் போன்றவற்றை காஸ் கட்டரால் சூடாக்கி நிமிர்த்தக் கூடாது. சூடு பட்டதும் அது சாதாரண இரும்பாகிவிடும், வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. எந்த இடத்தில் வெட்டி ஒட்டலாம் என்று மேனுவல் சொல்லாவிட்டால் முழு பாகத்தையும் மாற்றுவதுதான் முறை. வண்டியை ஷெட்டில் விடும்போது அந்த மாடலின் பாடி ரிப்பேர் மேனுவல் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், அல்லது பார்த்துக்கொள்ளலாம் சார் என்ற பதில் வந்தால், தூணும் கூரையும் சம்பந்தப்பட்ட வேலையை அங்கே கொடுக்காதீர்கள்.